ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள்

தலைவர் பழனியாண்டியைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பதை என் மனைவி ரிஸ்லா கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கடனுக்கு போன் வாங்கிவிட்டு ஆளைக் காட்டாமல் திரிகிறவன் மேல் வருகிற கோபம் எனக்குப் பழக்கம். பழனியாண்டி மேல் வருவது அதுவல்ல. அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும், அதனால் வருகிற கோபம்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக் கடைவீதியில் போனும் கணினியும் விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். என் பெயர் ராசிக். டவுனுக்கு மேலே மலையில் இருக்கிற தோட்டத்து டிவிஷன் ஒன்றுக்குப் பழனியாண்டி தலைவர். தலைவர் என்றதும் கறுப்புக் கண்ணாடி போட்ட அரசியல்வாதி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் தொழிலாளிகள் தங்களுக்காகப் பேச தெரிந்தெடுத்த ஆள், அவ்வளவுதான். காலையில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய் எல்லாரையும் போலத் தேயிலை வெட்டுவார். பின்னேரம் தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய், சம்பளத்தில் யாருக்கோ பிடித்த காசுக்காகத் தொண்டை கிழியப் பேசிவிட்டு வருவார். துரை மாறுவார், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு மாறுவார், இவர் மட்டும் மாறாமல் இருந்தார்.

அவரை ஜனங்கள் நம்பியதற்கு ஒரே காரணம், பங்கு. ஒரு சாமான் வந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. ஒரு தரம் காற்றில் லயத்துக் கூரைகள் பறந்து, தகரம் கொஞ்சம் நிவாரணமாக வந்தது. நாலு வீட்டை ஒழுங்காக மூடலாம், அவ்வளவுதான் தகரம். வேறு யாராவது என்றால் பிள்ளைக்காரி வீடு, நோயாளி வீடு என்று பார்த்து நாலு வீட்டை மூடியிருப்பான். இவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு தகரமாகக் கொடுத்தார். அந்த மழைக்கு எல்லா வீடும் சமமாக ஒழுகியது. “இதென்ன புத்தி தலைவரே?” என்று நான் கேட்டதற்கு, “ஒழுகினாலும் பரவால்ல தம்பி, யாரும் யாரையும் பாத்து வயிறெரியலல்ல” என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

தீபாவளிக்கு லயத்து ஆட்கள் சேர்ந்து ஆடு வாங்கி இறைச்சியைக் கூறு போடுவதும் இவர்தான். வாழையிலைகளை வரிசையாக விரித்து, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் ஒவ்வொரு கூறிலும் சரியாக விழும்படி வைப்பார். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. ராசம்மா என்கிற பெரிய மனுஷி கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இவர் ஒரு கூறின்மேல் கையை வைத்து, “இது யாருக்கு?” என்பார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வாள். சொன்னது சொன்னதுதான். எலும்பு கூட, ஈரல் குறைவு என்று யாரும் மூச்சுவிடக்கூடாது. மாற்றிக்கொள்ளவும் கூடாது. விழுந்த கூறு மாரியாத்தா கொடுத்த கூறு, அதுதான் அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வந்தவர் பழனியாண்டி.

போன வருஷம் அந்த டிவிஷனிலிருந்து இரண்டு பிள்ளைகள் கெம்பஸுக்குத் தெரிவானார்கள். ஒன்று பழனியாண்டியின் மகள் கிருஷாந்தி. கட்டடக்கலை. அதற்குத் தனியாக ஒரு பரீட்சை வேறு எழுதித் தேறியிருந்தாள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த பிள்ளை வீடு கட்டுவது எப்படி என்று படிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் பிள்ளைக்குக் கிடைத்தது போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றது லெட்சுமியின் மகன் திலக்ஷன். முகாமைத்துவம். லெட்சுமியின் புருஷன் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனவர். அவள் கொழுந்து பறித்துத்தான் மகனைப் படிக்கவைத்தாள்.

டிவிஷனே கூடிப் பேசி, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு லெப்டொப் வாங்கிக் கொடுப்பது என்று முடிவாகி, வீட்டுக்கு வீடு சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். ஓடர் கொடுக்கத் தலைவர் மகளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

கிருஷாந்தி சுற்றி வளைக்கவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள். “நானா, என்னோட பாடத்துக்கு தனியா கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறதுதான் வேணும். கட்டடத்த வரைஞ்சு, உள்ளுக்கு வெளிச்சம் எப்படி விழும், நடந்து போனா எப்படித் தெரியும்னு படமா எடுத்துக் காட்டணும். கார்ட் இல்லாட்டி மெஷின் அப்படியே நின்னுருமாம். முன்ன படிச்ச அக்காமாரும் அதத்தான் சொன்னாங்க” என்றாள்.

“அது என்னா சாமான் தம்பி?” என்று தலைவர் என்னைப் பார்த்தார்.

“சும்மா லெப்டொப்னா ஒரே பொம்பள கொழுந்தும் பறிச்சு, வீட்டுக்கு வந்து சோறும் ஆக்குற மாதிரி தலைவரே. கார்ட் இருந்தா படம் வரையிறதுக்குன்னு தனியா ஓர் ஆள் போட்ட மாதிரி.”

“இப்ப சாதாரணமா வாங்கிட்டு, பின்னுக்கு அந்த ஆளப் போட்டுக்க ஏலாதா?”

“ஏலாது. லெப்டொப்புல அது செஞ்சு வரும்போதே பலகையோட ஒட்டி வரணும். ஓடர் குடுக்கிற அன்னைக்கே சொல்லிறணும். அப்புறம் தலைகீழா நின்னாலும் போட முடியாது.”

“திலக்ஷனுக்கு?”

“அவனுக்கு எழுத்தும் கணக்கும்தானே. கார்ட் தேவையே இல்ல.”

சேர்ந்த காசு இரண்டு சாதாரண லெப்டொப்புக்குத்தான் காணும். தலைவர் கொஞ்ச நேரம் கண்ணாடி அலுமாரியில் இருந்த போன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளை பேக்கரிக்கு அனுப்பி பனிஸ் வாங்கி வரச் சொன்னார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, மகளுக்கு அந்தக் கார்ட் உள்ளதே எடுங்க. கூட வர்ற காசு என்னோடது, மாசாமாசம் குடுத்துர்றேன். ஆனா ரெண்டு பொட்டியும் பாக்குறதுக்கு ஒண்ணு போல இருக்கணும். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. “உங்க காசுதானே தலைவரே? நாலு பேருக்கு முன்னுக்குச் சொல்லிட்டே செய்ங்க. இதுல என்னா களவு இருக்கு?”

“சொன்னா எவன் நம்புவான்? ‘ஊர்க் காசுல மகளுக்கு ஒசத்தி வாங்கிட்டு, தாலியறுத்தவ மகனுக்கு மட்டமா குடுத்துட்டான் தலைவன்’னு காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல பேசுவானுங்க. இத்தன வருஷமா நான் போட்ட பங்கெல்லாம் அன்னையோட போச்சு. ஊர் வாய மூட உலைமூடி இருக்கா தம்பி?”

கத்தியிருப்பேன். பிள்ளை பனிஸோடு திரும்பி வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் போய் ரிஸ்லாவிடம் கத்தினேன். “நீங்க ஏன் துள்ளுற? அவர்ட புள்ள, அவர்ட காசி, அவர்ட மானம்” என்றாள் அவள்.

கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். ஒரே கம்பனி, ஒரே சாயல், ஒரே சாம்பல் நிறம். ஒன்றில் கார்ட், மற்றதில் இல்லை. வெளியில் தெரிகிற வித்தியாசம் இரண்டே இரண்டு. விசைகளுக்குப் பக்கத்தில் கார்ட்டின் பெயர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று, அதை நகத்தால் கிளப்பி எடுத்துவிட்டேன். மற்றது சார்ஜர். கார்ட் உள்ளதற்குச் செங்கல் மாதிரிப் பெரிய சார்ஜர். அது எப்படியும் பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே மஞ்சள் தாள் சுற்றினேன். எங்களுக்கு அடையாளம் வேண்டுமே என்று, கார்ட் உள்ள பெட்டியில் என் கடை ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டி, தலைவரிடம் காட்டினேன். தலையை ஆட்டினார். மகளுக்கும் சொல்லியிருந்தார், வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

கோயில் மண்டபத்தில் விழா வைத்தார்கள். எனக்கும் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கென்ன பெருமை! மேசையில் இரண்டு மஞ்சள் பெட்டிகள். தலைவர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசினார். பிறகு ஸ்டிக்கர் தலைகீழாக இருந்த பெட்டிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டே, “மொதல்ல கிருஷாந்தி…” என்று தொடங்கினார்.

“இரு இரு தலைவரே!” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். ராசம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். “என்னா நீயே எடுத்துக் குடுக்கிற? கூறு கேக்காம நம்ம டிவிஷன்ல எது நடந்திருக்கு? நான் செத்தா போயிட்டேன்?”

கூட்டம் சிரித்தது. கைதட்டியது. ராசம்மா மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிப் பார்த்தார். “ஒண்ணுன்னா கேக்குறதுல என்னா வந்துச்சு?” என்றாள் ராசம்மா. சரியான கேள்வி. அவரே வளர்த்த வழக்கம், அவரே மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். முன்வரிசையில் கிருஷாந்தியின் கை சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் கார்ட் உள்ள பெட்டியின்மேல் கையை வைத்தார். “இது யாருக்கு?”

“லெட்சுமி வீட்டுக்கு!”

அவ்வளவுதான். அட அல்லாஹ்வே என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் சொல்வதாக நினைத்தார்கள். தலைவரின் கை பெட்டியிலிருந்து உடனே எழும்பவில்லை. பிறகு எடுத்தார். பெட்டியைத் தூக்கித் திலக்ஷனின் கையில் கொடுத்தார். லெட்சுமி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு அவர் காலில் விழுந்தாள். மற்றப் பெட்டியை மகளிடம் கொடுத்தபோது, மகள் நன்றி என்று மைக்கில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விழா முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வைத்து அவரைப் பிடித்தேன். “போய்ச் சொல்லுங்க தலைவரே! உங்க காசு அது. இப்பயே சொல்லி மாத்துங்க.”

“கூறு விழுந்துருச்சு தம்பி. விழறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம். இப்ப சொன்னா, கோயில்ல வச்சுக் களவு பண்ணப் பாத்தேன்னு ஆயிரும்” என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

பிள்ளைகள் இரண்டு பேரும் கெம்பஸுக்குப் போய்விட்டார்கள். தலைவர் சொன்ன சொல் தவறாமல் தவணையோடு கடைக்கு வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மகள் எப்படி என்று கேட்டால், “இருக்கா” என்பார். கிருஷாந்தியே எனக்கு போன் எடுத்துச் சொன்னாள். நான்கு சுவரும் கூரையும் வரைந்து வெளிச்சம் விழவைத்தால் மெஷின் சூடாகி, உறைந்து, செய்ததெல்லாம் போய்விடுகிறதாம். கூடப் படிக்கிற பிள்ளைகளின் லெப்டொப் சும்மா இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டு வாங்கிச் செய்கிறாளாம். இரண்டு தரம் கொடுப்பார்கள், மூன்றாம் தரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்தானே. ஒரு பாடத்துக்குப் படங்களைக் குறித்த நாளில் ஒப்படைக்க முடியாமல் போய், அந்தப் பாடம் தவறிவிட்டது. அடுத்த முறையும் இப்படியானால் கட்டடக்கலையை விட்டு வேறு எதற்காவது மாறச் சொல்கிறார்களாம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தலைவரும் தவணை கொடுக்க வரவேண்டிய நாள் அது. லெப்டொப்பை மேசையில் வைத்து, “நானா, நீங்க முடியாதுன்னு சொன்னது தெரியும். இருந்தாலும் ஒரு தரம் தொறந்து பாருங்களேன். ஏதாவது வழி இருக்கா?” என்றாள். வழி இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மாவாவது திறந்து பார்ப்போம் என்று திருப்புளியை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லெட்சுமி. பின்னால் திலக்ஷன், லெப்டொப் பையோடு.

தலைவரைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறிவிட்டது. “நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்க. மொதலாளி, எம்புள்ளைக்கு என்னா சாமான் குடுத்தீங்க? தொறந்தா பஸ்ஸு மேடு ஏறுற மாதிரி சத்தம். மடியில வைக்க முடியல, தோசைக்கல்லு கணக்கா சூடு. கரண்டு இல்லாட்டி கொஞ்ச நேரத்துல செத்துப்போவுது. சார்ஜர பாருங்க, செங்கல்லு! அந்தப் புள்ளையோடது சின்னதா, சத்தமில்லாம, அம்புட்டு நேரம் ஓடுதாம். கோளாறு புடிச்சத எங்க தலையில கட்டிட்டு, நல்லத மகளுக்குன்னு வச்சுக்கிட்டாருன்னு லயமே பேசுது!”

பாருங்கள் விளையாட்டை. எந்தப் பேச்சுக்குப் பயந்து அந்த மனுஷன் எல்லாவற்றையும் மறைத்தாரோ, அதே பேச்சு, தலைகீழாகப் புரண்டு வந்து வாசலில் நிற்கிறது. கார்ட் உள்ள மெஷின் சத்தம் போடும், சூடாகும், பெற்றரி சீக்கிரம் இறங்கும். அது கோளாறு இல்லை, அதன் குணம். இதை யார் அவளுக்குச் சொல்வது?

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ரெண்டையும் மாத்திக் குடுங்க. நல்லது எம்புள்ளைக்கு, அது அந்தப் புள்ளைக்கு” என்றாள் லெட்சுமி.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! நான் திருப்புளியை ஓரமாக வைத்தேன். “அதுக்கென்ன லெட்சுமி, இப்பயே மாத்திருவோம். உள்ளுக்கு இருக்கிறதையெல்லாம் இதுல இருந்து அதுக்கு நான் மாத்தித் தர்றேன், ஒரு சதம் வேணாம்” என்று அவசர அவசரமாகச் சொன்னேன். கிருஷாந்தி தன் லெப்டொப்பைத் திலக்ஷன் பக்கம் நகர்த்திவிட்டாள். அந்தப் பையனும் செங்கல் சார்ஜரைப் பையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் தலைவரை ஒரு பார்வை பார்த்தேன், பேசாமல் இரும் என்று. யாருக்கு என்ன நஷ்டம்? பையனுக்குத் தேவையானது அதுதான், பிள்ளைக்குத் தேவையானது இதுதான். எல்லாரும் கேட்டுத்தான் நடக்கிறது.

தலைவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சார்ஜர் மேசைக்கு வந்தது. கிருஷாந்தியின் கை அதன்மேல் போனது.

“நில்லு புள்ள” என்றார்.

“தலைவரே!” என்று நான் அதட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “லெட்சுமி, ஓங்கிட்ட இருக்கிறதுதான் வெல கூடின சாமான். அதுல தனியா ஒரு கார்ட் இருக்கு. அதாலதான் சத்தமும் சூடும். எம்மகளுக்குன்னு நான் களவா, எங்காசப் போட்டு எடுத்தது. கூறுல ஒனக்குப் போயிருச்சு. தெரியாம நீ மாத்திட்டுப் போனா ஒன்ன ஏமாத்தினதா ஆயிரும். தெரிஞ்சுக்கிட்டு, ஒனக்கு இஷ்டம்னா மாத்து.”

லெட்சுமி என்னைப் பார்த்து, “நெசமா மொதலாளி?” என்றாள். பொய் வாய் வரைக்கும் வந்தது. தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. “ஒங்க கால்ல விழுந்தேனே தலைவரே” என்றாள். “சாமி மாதிரின்னு நெனச்சு விழுந்தேன். ஒங்க காசுன்னா சொல்லிட்டு எடுக்குறதுக்கென்னா? நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? கோயில்ல வச்சு எங்க கண்ணக் கட்டப் பாத்திருக்கீங்க.”

“அம்மா, எனக்கு இது வேணாம்மா, சத்தம்…” என்று திலக்ஷன் இழுத்தான்.

“சத்தம் வந்தா வரட்டும்டா! நீங்க ஒளிச்சத ஆத்தா பாத்து எம்புள்ள கையில குடுத்திருக்கா. விழுந்த கூற மாத்தக்கூடாதுன்னு சொன்னது யாரு? நாங்களா சொன்னோம்?” சார்ஜரைத் தானே வாரிப் பையில் போட்டாள். “வா போவோம்.” வாசலில் நின்று, “அடுத்த தீபாவளிக்குக் கூறு போட வேற ஆளப் பாக்கச் சொல்லப்போறேன்” என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைப் போட்டு உடைத்துவிட்டாரே என்று மேசையில் ஓங்கி அடித்தேன். “என்ன மனுஷன் நீங்க! யார் கேட்டா உங்கள? பெத்த புள்ளைய விட உங்க பேர் பெரிசா?” என்று கத்தினேன். வெளியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்திக்கொண்டே இருந்தேன்.

தலைவர் சட்டைப் பையிலிருந்து அந்த மாதத் தவணையை எடுத்து மேசையில் வைத்தார். நான் அதைத் தள்ளிவிட்டேன். திரும்பவும் எடுத்து வைத்தார்.

கிருஷாந்தி தன் லெப்டொப்பை மூடிப் பையில் போட்டாள். அழவில்லை. பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு நிமிஷம்பா. ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருந்திருக்கலாம்ல? சார்ஜர்ல கைய வச்சுட்டேன்பா நானு.”

“இருந்து பாத்தேன் புள்ள” என்றார் பழனியாண்டி. “முடியல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி. அப்ப நான் படிப்ப மாத்திக்கிறேன்” என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். அப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.